வழுக்கியாற்றுக்கு ஒரு வெள்ள அணை: கட்டினால் அதை வெறுமையாக வைத்திருப்போமா?

சண்டிலிப்பாயான்

மாரி தொடங்க முன்னர் இதைக் கதைத்துவிட வேண்டும் என்றுதான் இந்த இழையைத் திறக்கிறேன். தண்ணீர் வாசலுக்கு வந்தபிறகு நாங்கள் கதைப்பது முழுவதும் சமைத்த சாப்பாடு, பாய், இடம்பெயர்ந்தோர் பட்டியல் என்று போய்விடும்.

தெரியாதவர்களுக்கு: தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய் என்று வந்து அராலியில் கடல்நீரேரியில் விழுகிறது வழுக்கியாறு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு என்று சொல்ல இருப்பது இது ஒன்றுதான். ஆடி ஆவணியில் வந்து பார்த்தால் ஆறு என்றே சொல்லமாட்டீர்கள், நடுவில் மாடு மேயும். ஐப்பசி கார்த்திகையில் இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்தால் வயல், ஒழுங்கை, வளவு எல்லாம் ஒரே தண்ணீர். 2008இல் நிஷா, 2020இல் புரெவி, பிறகு 2024 நவம்பர். புயலுக்குப் பெயர்தான் மாறுகிறது.

என் யோசனை இது. ஆற்றின் மேல்பக்கத்தில் வாய்ப்பான இடம் பார்த்து மண்ணால் ஒரு அணை கட்டினால் என்ன? வெள்ளத்தை அங்கேயே மறிக்கலாம். மறித்த தண்ணீரைப் பங்குனி வரை தேக்கி வைத்தால் சுற்றியுள்ள கிணறுகளும் ஊறும். மழைத் தண்ணீரைக் கடலுக்கு விட்டுவிட்டுச் சித்திரையில் பவுசர் தண்ணீருக்குக் காத்து நிற்கும் ஊர் இது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தொழில்நுட்ப அலுவலர்

தம்பி, வெள்ளத்தை மறிக்கிறது, தண்ணீரைத் தேக்குகிறது என்று இரண்டு வேலையை ஒரே அணையில் கேட்கிறீர்கள். அவை ஒன்றுக்கொன்று எதிரானவை. எனக்கு உயிர்போல் முக்கியமான விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

குளம் நிறைந்திருந்தால்தான் பயன். வெள்ள அணை வெறுமையாக இருந்தால்தான் பயன். மழை வரும்போது அணைக்குப் பின்னால் எவ்வளவு வெற்றிடம் இருக்கிறதோ அவ்வளவு வெள்ளத்தைத்தான் அது பிடிக்கும். ஐப்பசி மழையில் நிரப்பி, "வந்த தண்ணீரை ஏன் விடுவான்" என்று வைத்திருந்தால், கார்த்திகைப் புயல் வரும்போது அந்த அணை இருந்தும் ஒன்றுதான் இல்லாமலும் ஒன்றுதான். சரியாகச் சொன்னால், இல்லாமல் இருப்பதைவிட மோசம். ஏனென்றால் கீழே இருப்பவர்கள் அணை இருக்கிறதென்று நம்பிப் பள்ளக்காணியில் வீடு கட்டியிருப்பார்கள்.

இனி உயரக் கணக்கு. தெல்லிப்பழை கடல்மட்டத்திலிருந்து 10 மீற்றரை ஒட்டிய உயரம். அங்கிருந்து அராலி வரை ஆறு ஓடும் தூரம் ஏறத்தாழ 16 கிலோமீற்றர். வகுத்துப் பாருங்கள், கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் சரிவுகூட இல்லை. 2 மீற்றர் உயரத்துக்குத் தண்ணீரை மறித்தால் அது பின்னால் 3 கிலோமீற்றர் வரை போய்ப் படுக்கும். மலைநாட்டில் பள்ளத்தாக்கின் வாயை மூடினால் போதும், உயரமும் கிடைக்கும் கொள்ளளவும் கிடைக்கும். இங்கே நாங்கள் மூடப்போவது வெட்டையை. அந்த 3 கிலோமீற்றருக்குள் யாருடைய வயல், யாருடைய வீடு, எந்தக் கோவில் வீதி என்று முதலில் பார்க்க வேண்டும்.

கட்டும் சிறியதாக இராது. மேலே 3 மீற்றர் அகலம், இருபக்கமும் ஒரு மீற்றர் உயரத்துக்கு இரண்டரை மீற்றர் அகலம் என்ற சரிவு வைத்தால், 2 மீற்றர் உயரக் கட்டுக்கு அடியில் 13 மீற்றர் அகலம் வேண்டும். நீர்மட்டத்துக்கு மேலே விடவேண்டிய உயரத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும். கட்டு மட்டும் எத்தனை பரப்புக் காணியைத் தின்னும் என்று பாருங்கள்.

அராலி கமக்காரன்

ஐயா சொன்னது சரி. நான் கீழ்முனையில் இருந்து எழுதுகிறேன்.

மேலே மறிக்கிறதைப் பற்றி எல்லோரும் கதைக்கிறீர்கள், வாயைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. ஆறு கடல்நீரேரியில் சேரும் இடத்தில் உவர் உள்ளே ஏறாமல் இருக்கக் கதவு போட்ட தடுப்பணை இருக்கிறது. வெள்ளம் வரும்போது திறக்க வேண்டியதுதான், திறக்கிறார்கள். ஆனால் புயல்நேரத்தில் காற்று கடல்நீரேரித் தண்ணீரை இந்தப் பக்கம் தள்ளிக் கொண்டுவந்து நிறுத்தும். வெளியே தண்ணீர் உயர்ந்து நிற்கும்போது கதவைத் திறந்து என்ன பயன்? உள்ளே நிற்பது வடியாது. காற்று மாறும்வரை பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

எங்களுக்கு வருடத்தில் ஒரு போகம். கார்த்திகை மார்கழியில் பயிர் வளர்ந்து, சில வயல்களில் குடலைப் பருவத்துக்கு வந்திருக்கும். ஓரிரு நாள் நின்று வடிந்தால் பயிர் தப்பும், பசளையும் களைநாசினியும்தான் நட்டம். ஒரு கிழமை நுனி தெரியாமல் மூழ்கினால் அடியில் வழுவழுவென்று அழுகிவிடும். பிடித்து இழுத்தால் வேரை விட்டுத் தண்டு மட்டும் கையோடு வரும், ஒரு நாற்றமும் வரும். அதற்குப் பிறகு அந்த வருடம் வயலுக்குப் போக மனம் வராது.

அதனால் எனக்கு வேண்டியது தண்ணீரை முழுதாக மறிக்கும் அணை இல்லை. எல்லாத் தண்ணீரும் ஒரே நேரத்தில் என் வரம்புக்கு வராமல் இருந்தால் போதும்.

கிளிநொச்சித் தங்கச்சி

அணை வேண்டும் என்கிறவர்கள் 2018 டிசம்பரை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

இரணைமடு நீர்ப்பாசனக் குளம். கனகராயன் ஆற்றை மறித்து 1920களில் இருந்து நிற்கிற மண்கட்டு, பிறகு பலமுறை உயர்த்தினார்கள். கடைசிப் புனரமைப்பு முடிந்து அந்த மாரியில் குளம் நிறைந்தபோது எல்லோருக்கும் சந்தோசம், நாங்களும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். 21ஆம் திகதி இரவு மழை கொட்டியது. ஏற்கெனவே நிறைந்த குளம், வேறு வழியில்லாமல் வான்கதவுகளைத் திறந்தார்கள். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பொது மண்டபங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் போய் இருந்தோம். முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்கலாமா என்பது பெரிய விவாதமானது, விசாரணைக் குழுவும் போட்டார்கள்.

யார் பிழை என்று எழுத நான் வரவில்லை. கதவுக்குப் பக்கத்தில் நிற்கும் அலுவலரை நினைத்துப் பாருங்கள். முன்னரே திறந்து பிறகு மழை பொய்த்தால் சிறுபோகத்துக்குத் தண்ணீர் இல்லை, கமக்காரர் எல்லோரும் அவரைத்தான் கேட்பார்கள். திறக்காமல் இருந்து மழை கொட்டினால் ஊர் மூழ்கும். எந்த மனிதரையும் அந்த இடத்தில் நிறுத்தக் கூடாது. வழுக்கியாற்றில் சிறிய அளவில் இதையே செய்யப் போகிறீர்கள் என்றால், கதவே இல்லாமல் ஏதாவது செய்ய முடியுமா என்று பாருங்கள்.

ரொறொன்ரோவில் இருந்து மண்ணியல்காரன்

தங்கச்சி கேட்டதற்குப் பதில் இருக்கிறது. கதவே இல்லாத வெள்ள அணைகள் உலகத்தில் உண்டு, நூறு வருடமாக வேலை செய்கின்றன.

அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் 1913 மார்ச்சில் பெரிய வெள்ளம் வந்து டேட்டன் நகரம் மூழ்கியது. அந்தப் பள்ளத்தாக்குச் சனமே பணம் திரட்டி, ஆர்தர் மோர்கன் என்ற பொறியியலாளரை வைத்து ஐந்து மண்ணணைகள் கட்டியது. 1922இல் முடிந்தது. அவற்றில் சில பெரிய ஆற்றின் சிறிய கிளைகளில்தான் நிற்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் எப்போதும் திறந்தே இருக்கும் கொங்கிறீற்றுத் துவாரங்கள். சாதாரண நாளில் ஆறு அந்த ஓட்டையால் தன்பாட்டில் போகும், அணைக்குப் பின்னால் ஒரு சொட்டும் தேங்காது. வெள்ளம் வந்தால் துவாரம் கொள்ளுமளவு மட்டும் கீழே போகும், மிச்சம் பின்னால் உயர்ந்து நின்று மெல்ல வடியும். திறக்கவும் ஆள் வேண்டாம், மூடவும் ஆள் வேண்டாம். இதுவரை இரண்டாயிரம் தடவைக்கு மேல் அவை வெள்ளத்தைப் பிடித்து விட்டிருக்கின்றன. 1913இல் வந்த வெள்ளத்தோடு இன்னும் 40 வீதம் கூட்டித்தான் அளவே போட்டார்கள்.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது காணி விஷயம். தண்ணீர் நிற்கக்கூடிய நிலத்தை வாங்கினார்கள், "இங்கே வெள்ளம் நிற்கலாம், வீடு கட்டக்கூடாது" என்ற உரிமையைத் தங்களிடம் வைத்துக்கொண்டு திரும்பவும் கமக்காரருக்கே விற்றார்கள். இன்றைக்கும் அங்கே பயிர் செய்கிறார்கள்.

இனி மண்கட்டு எப்படி உடைகிறது என்பது. பொதுவாக இரண்டு வழி. ஒன்று, தண்ணீர் கட்டுக்கு மேலால் வழிவது. கொங்கிறீற்று அணைக்கு மேலால் வழிந்தால் பெரும்பாலும் தாங்கும், மண் தாங்காது, வெளிச்சரிவை அறுத்துக்கொண்டு போகும். அதனால் எவ்வளவு சிறிய மண்ணணை என்றாலும் வான், அதாவது மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் வழி, ஒன்று வேண்டும், அது கட்டின் உச்சியைவிடத் தாழ்வாக, கல்லோ கொங்கிறீற்றோ பதித்து இருக்க வேண்டும். பணம் போதாது என்று முதலில் குறைப்பது வானைத்தான். அதைச் செய்யவே கூடாது.

மற்றது உள்ளரிப்பு. கட்டுக்குள்ளேயோ அடியிலோ கசியும் தண்ணீர் நுண்மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே குழாய்போல் வழி வெட்டும். தெளிந்த கசிவு பயமில்லை, கலங்கல் கசிவு கண்டால் ஓடிப்போய் ஊரை எழுப்ப வேண்டும். 1976 ஜூன் 5இல் அமெரிக்காவின் ஐடகோ மாநிலத்தில் டீற்றன் அணை இப்படித்தான் போனது. புதிய அணை, முதல்முறையாக நிரப்பிக்கொண்டிருந்தபோதே காலையில் கசிவு கண்டு மதியத்துக்கு முன் உடைந்தது. அடிப்பாறையில் வெடிப்புகள் இருந்தன, அவற்றைச் சரியாக அடைக்கவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் குடாநாட்டின் அடிப்பாறை சுண்ணாம்புக்கல். வெடிப்பும் பொந்தும் குகையுமாகக் கிடக்கும் கல். நிலாவரைக் கிணற்றையும் கீரிமலைக் கேணியையும் பார்த்த எங்களுக்கு அது புதிதில்லை.

சண்டிலிப்பாயான்

அண்ணை, சுண்ணாம்புக்கல்லில் கசியும் என்றால் எங்களுக்கு அது நல்லதுதானே? கிணறுகள் ஊறுமே. திறந்த துவாரம் வைத்தாலும் வெள்ளம் நிற்கும் அந்த ஓரிரு நாளில் கீழே இறங்குவது மிச்சம்தானே.

ரொறொன்ரோவில் இருந்து மண்ணியல்காரன்

ஆம், கட்டுக்குப் பின்னால் பரந்து நிற்கும் தண்ணீர் நிலத்துக்குள் இறங்கினால் இலாபம். அதே தண்ணீர் கட்டுக்கு நேர் அடியால் ஓடி மறுபக்கம் வந்தால் ஆபத்து. அதனால் கட்டு நிற்கப்போகும் கோட்டில் மேல்மண்ணை எடுத்து, கல் தெரியும்வரை அகழி வெட்டி, வெடிப்புகளை அடைத்து, இறுக்கமான களியால் நிரப்பி, அதன்மேல்தான் எழுப்ப வேண்டும். செம்பாட்டு மண் தோட்டத்துக்குத் தங்கம், கட்டுக்கு ஆகாது, தண்ணீரை விட்டுவிடும். எந்த மண் சரி என்று பரிசோதித்துத்தான் சொல்லலாம்.

நீங்கள் பார்த்துக்கொள்ளக்கூடிய ஒரு விஷயம். ஒப்பந்தக்காரர் பெக்கோவால் மண்ணை அள்ளிக் குவித்து மேலே நாலு தரம் ஓட்டிவிட்டுப் போனால் அது அணை ஆகாது. 15, 20 சென்ரிமீற்றருக்கு மேல் தடிப்பில்லாமல் பரப்பி, ஈரம் பார்த்து, ஒவ்வொரு தட்டாக ரோலர் போட்டு இறுக்க வேண்டும். மண்ணை உள்ளங்கையில் எடுத்து இறுக்கிப் பொத்துங்கள். விரலை விரித்தால் உருண்டை அப்படியே நிற்க வேண்டும். பொலபொலவென்று உதிர்ந்தால் ஈரம் போதாது, கையில் ஈரம் பூசிக்கொண்டு ஒட்டினால் கூடிப்போச்சு. இது ஆய்வுகூடப் பரிசோதனைக்குப் பதில் இல்லை, ஆனால் பக்கத்தில் நிற்கும் யாரும் செய்து பார்க்கலாம்.

மானிப்பாய்ப் பொடியன்

அணைக்கு முதல் வாய்க்காலைத் திறவுங்கள். ஆற்றுக்கு வரவேண்டிய வெள்ளவாய்க்கால் எத்தனை மதில்களுக்கு அடியில் கிடக்கிறது? பள்ளக்காணிக்குக் கிரவல் கொட்டி வீடு கட்ட அனுமதி கொடுத்துக்கொண்டு, மறுபக்கம் அணைக்குப் பணம் தேடுவது எந்த நியாயம்?

புவியியல் ரீச்சர்

பொடியன் சொன்னதோடு நூறுவீதம் உடன்படுகிறேன், ஒரு கணக்கு மட்டும் சேர்க்கிறேன். பிள்ளைகளுக்கு வகுப்பில் செய்து காட்டுவது. 1 சதுர கிலோமீற்றர் நிலத்தில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது 1,00,000 கன மீற்றர், அதாவது 10 கோடி லீற்றர். முன்னர் வயலும் தரவையும் குளமும் அதில் பெரும்பங்கைத் தாங்கின. ஒவ்வொரு வயலும் ஒரு சாண் உயர வரம்போடு ஒரு சிறிய வெள்ள அணைதான். அந்த வயலை மேடாக்கும்போது நாங்கள் அணையை உடைக்கிறோம், அப்படி நினைப்பதில்லை, அவ்வளவுதான்.

எங்கள் குடாநாட்டில் ஏற்கெனவே செய்து பார்த்தவற்றையும் மறக்கக்கூடாது. தொண்டைமானாற்றில் 1953இலும் அரியாலையில் 1955இலும் தடுப்பணைகள் கட்டி முடித்தார்கள். உவரை வெளியே நிறுத்தி, மழைநீரை உள்ளே நிறுத்தி, கடல்நீரேரியை மெல்ல நன்னீராக்குவது நோக்கம். பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் வைத்த "யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு" என்ற திட்டமும் இதன் தொடர்ச்சிதான். ஆனையிறவுக் கடல்நீரேரியில் கனகராயன் ஆற்றுத் தண்ணீரைத் தேக்கி, முள்ளியான் வாய்க்காலால் வடமராட்சிப் பக்கம் கொண்டுவருவது. நல்ல யோசனை, இன்றைக்கும் நல்ல யோசனைதான். ஆனால் சுண்டிக்குளத்தில் போட்ட மண்கட்டை வெள்ளம் உடைத்தது. தடுப்பணைகளின் மரப்பலகைகள் உக்கி உவர் உள்ளே வந்தது. கட்டும்போது இருந்த ஊக்கம் பராமரிக்கும்போது இருக்கவில்லை, அதற்குப் பிறகு போர். எதைக் கட்டினாலும் இருபது வருடம் கழித்து அதன் புல்லை யார் வெட்டுவது, எலி வளையை யார் அடைப்பது என்று முதலில் எழுதி வையுங்கள். கட்டில் முளைக்கும் ஆலங்கன்றைப் பிடுங்கவில்லை என்றால் அதன் வேர்தான் பிறகு கசிவுக்கு வழி.

திருகோணமலைப் பக்கக் கந்தளாய்க் குளத்தை எங்கள் தலைமுறை மறக்காது. 1986 ஏப்ரல் 20 அதிகாலை. மாரிகூட இல்லை. ஆயிரம் வருடத்துக்கு மேல் நின்ற குளக்கட்டு உடைந்து நித்திரையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்ட சனம் போனது. பழைய கட்டு, இனி ஒன்றும் நடக்காது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அராலி கமக்காரன்

ரீச்சர் சொன்னதைப் படித்துவிட்டு எங்கள் கமக்காரர் அமைப்பில் சிலரோடு கதைத்தேன். எல்லோரும் ஒரே மாதிரிச் சொல்லவில்லை, ஆனால் பெரிய ஒரு அணை என்றால் மேல்பக்கத்தார் யாரும் காணி தரமாட்டார்கள், அது நிச்சயம். முழங்கால், இடுப்பு உயரத்தில் பல இடங்களில் சிறு கட்டு, ஒவ்வொன்றிலும் திறந்த துவாரம், ஓரத்தில் கல்பதித்த வான், அதோடு ஏற்கெனவே உள்ள குளங்களைத் தூர்வாரி மழைக்கு முதல் மட்டம் குறைத்து வைப்பது என்றால் கதைக்கலாம் என்கிறார்கள்.

இரண்டு நிபந்தனை. தண்ணீர் நிற்கும் வயலுக்குப் பணம் வெள்ளம் வந்தபிறகு நட்டஈட்டுப் படிவம் நிரப்பித் தருவதாக இருக்கக்கூடாது. ஒகையோவில் செய்ததுபோல் முன்கூட்டியே உரிமைக்குப் பணம், உறுதியில் எழுத்து. மற்றது, வயலில் ஓரிரு நாளுக்கு மேல் தண்ணீர் நிற்காதபடி துவாரத்தின் அளவு இருக்க வேண்டும். அதைக் கணக்குப் போட்டு எங்களுக்கு முன்னால் காட்ட வேண்டும்.

சண்டிலிப்பாயான்

கோடைத் தண்ணீருக்கு வேறு வழி பார்ப்போம், இதில் அதைக் கலக்க வேண்டாம். எனக்கு இன்னும் ஒரு கேள்வி. தை மாதம் மழை முடிந்ததும் ஊரில் யாராவது "இனி வெள்ளம் இல்லைத்தானே" என்று துவாரத்தை அடைத்தால்? எங்கள் ஊரை எனக்குத் தெரியும், நிச்சயம் அடைப்பார்கள். பிறகு மறுமாரிக்கு அதைத் திறக்க மறந்துபோவார்கள்.

ஓய்வுபெற்ற தொழில்நுட்ப அலுவலர்

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் நான் முதலில் இருந்து காத்திருந்தேன்.

துவாரத்துக்குக் கொங்கிறீற்றுப் போடும்போது இருபக்கச் சுவரிலும் பலகை இறக்கும் தவாளிப்பு விடுவது எங்கள் வழக்கம். வரைபடத்தில் இல்லாவிட்டாலும் மேசன் பழக்கத்தில் விட்டுவிடுவார், "பிறகு தேவைப்படும் சேர்" என்பார். தவாளிப்பு இருந்தால் பலகை வரும், பலகை வந்தால் அது குளம். அதனால் கொங்கிறீற்றுக்கு அச்சுப் பலகை அடிக்கும் நாளில் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். சுவர் இரண்டும் வழுவழுப்பாக, தவாளிப்பு இல்லாமல், கொளுவி இல்லாமல் வரவேண்டும். துவாரம் தண்ணீர் நுழையும் பக்கம் ஒடுங்கி, வெளியேறும் பக்கம் அகன்றிருந்தால் செத்தையும் சிக்காது. தண்ணீர் நுழையும் வாய்க்கு முன்னால் சில அடி தள்ளிக் கொங்கிறீற்றுத் தூண்கள் சில நட்டால் வாழைமரம், பொலித்தீன் எல்லாம் அங்கே நிற்கும், வெள்ளம் வடிந்ததும் அள்ளலாம். துவாரத்தில் தண்ணீர் வெளியேறும் முனையைச் சுற்றி மணலும் சல்லியும் வடியாக வையுங்கள், மண்ணும் கொங்கிறீற்றும் சேரும் அந்த ஓரத்தால்தான் கசிவு முதலில் வரும்.

மேல்பக்கச் சுவரில் அடி, அங்குலம் குறித்த அளவுகோல் ஒன்றைப் பதியுங்கள். மழைநாளில் எவ்வளவு ஏறியது, எத்தனை மணிக்கு வடிந்தது என்று ஒரு கொப்பியில் எழுத இரண்டு பேரை அமைப்பே தெரிவு செய்யட்டும். அராலித் தம்பி கேட்ட கணக்கை நான் போட்டுத் தருகிறேன். அதற்கு எனக்கு ஆற்றின் குறுக்குவெட்டு அளவுகள் வேண்டும். புரட்டாதிக்குள், நிலம் காய்ந்திருக்கும்போதே, மட்டக்கருவியோடு நடந்து எடுக்க வேண்டும். யாரெல்லாம் வருகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள்.

அராலி கமக்காரன்

நான் வருகிறேன் ஐயா. வாயில் இருந்து சண்டிலிப்பாய் வரைக்கும் எங்கள் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மானிப்பாய்ப் பொடியன்

நானும். மதிலுக்கு அடியில் கிடக்கும் வாய்க்கால்களையும் அதே வரைபடத்தில் குறிப்போம்.